வெள்ளை கலந்த முகம்

‘கார்த்திகை, 1996. வெள்ளை, இரண்டாம் முறை. ஈரத்துணியால் துடைத்தும் போகவில்லை.’ ஒரு ஹார்ட்போர்டு பலகையின் பின்புறம் பென்சிலால் நான் எழுதி வைத்தது இது. முன்புறம் இருப்பது அம்மாவின் முகம்.

அந்த ஐப்பசிக் கடைசியில் அம்மா இறந்தாள். பதினாறாம் நாள் படத்திறப்புக்கு வைக்க வீட்டில் ஒரு படம்கூட இல்லை. கல்யாணங்களில் போட்டோக்காரர் வரும்போதெல்லாம் அப்பாவின் அக்கா, என் அத்தை, “நீ போயி சாம்பாரப் பாரும்மா” என்று அம்மாவைச் சமையல்கட்டுக்கு அனுப்பிவிடுவாள். அம்மா கருப்பு என்பதால்தான் என்று எல்லோருக்கும் தெரியும். மிஞ்சியது வாக்காளர் அட்டையில் இருந்த நகத்தளவு கருப்பு வெள்ளைப் படம்.

நான் வரைகிறேன் என்றேன். எங்கள் மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஊருக்குத் திரும்பும்போது ஒரு பை நிறைய அக்ரிலிக் டியூப்களை விட்டுப் போயிருந்தார். சில மாதங்களாக மலையையும் வாழைப்பழத்தையும் வரைந்து பழகிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூட வாட்டர் கலர் மட்டுமே.

அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி இருண்டுவிடும். வாழைப்பழத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. பழுப்பும் காவியும் கொஞ்சம் மஞ்சளும் கலந்தபோது தட்டில் இருந்தது அம்மாவின் கை நிறம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் முகம் கருத்திருந்தது. ஆனாலும் அது அம்மாதான். கண்ணுக்குக் கீழே இருந்த அசதிகூட வந்திருந்தது.

அத்தை வந்து பார்த்தாள்.

“என்னாடா இது, அடுப்புக்கரிய எடுத்துப் பூசிட்டியா? இருந்தப்பதான் அப்டி இருந்தா. செவுத்துலயாவது கொஞ்சம் கலரா இருந்துட்டுப் போறா. நாளைக்கு உன் தங்கச்சியப் பாக்க வர்றவன் இதப் பாத்தா காப்பி குடிக்கவாவது உக்காருவானா?”

அத்தை போனதும் தங்கை வந்து பலகையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் அம்மா மாதிரி நிறம் குறைவு.

“அண்ணா, கொஞ்சம் வெளுப்பா போட்டுடேன்.”

அவள் கேட்டதால் போட்டேன். நிறத்தை வெளுப்பாக்க வெள்ளையைக் கலந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் வெறும் வெள்ளை பழுப்பைச் சாம்பல் நிறமாக்கிவிடும். இன்னொரு முறை பூசியதும் முகத்தில் இருந்த உயிரும் போய்விட்டது.

“பாடையில கெடந்தப்பகூட இவ்ளோ மோசமா இல்லடா அவ” என்றாள் அத்தை. அப்பா சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வாட்டர் கலர் நினைப்பில் ஈரத்துணியால் துடைத்தேன். அக்ரிலிக் காய்ந்தபின் பிளாஸ்டிக் மாதிரி. துணியில் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை. அடியில் இருந்த முகம் அடியிலேயே போயிற்று.

அப்பா வாக்காளர் அட்டையைத் தேரடி வீதி ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போனார். அவர்கள் பெரிதாக்கி, டச்சப் செய்து, ரோஸ் கன்னமும் நீலப் பின்னணியுமாக ஒருத்தியைக் கொடுத்தார்கள். படத்திறப்பன்று அதன் கண்ணாடியில் குங்குமம் வைத்த அத்தை, “இப்ப பாரு, மகாலட்சுமி!” என்றாள்.

1998இல் கீழ்பென்னாத்தூரிலிருந்து தங்கையைப் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா சுவரைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

“அம்மா நல்ல கலரா இருந்திருக்காங்க. பொண்ணு அப்பா வழிங்களா?”

“ஆமாங்க, அவங்கம்மா நல்லா செவப்பு” என்று அத்தை கூசாமல் சொன்னாள்.

ஒரு வாரம் கழித்துப் பொண்ணு கலர் கம்மி என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் தங்கை என்னிடம் சொன்னாள்: “நீ மொதல்ல வரைஞ்சியே, அத மாட்டி இருந்தா, அம்மாவுக்குப் பொண்ணு எவ்ளோ பரவால்லனு நெனச்சிருப்பாங்க.”

பலகை என்னிடம்தான் இருக்கிறது. நான் முதலில் கலந்த நிறம் சரிதானா என்று தெரிந்துகொள்ள அம்மாவின் கலர் படம் ஏதாவது கிடைக்குமா என்று சொந்தக்காரர் வீடுகளில் விசாரித்தேன், கிடைக்கவில்லை. கருப்பு என்கிறாள் அத்தை. தங்கை மாநிறம் என்கிறாள். 2003இல் அப்பாவிடம் கேட்டேன்.

“அத யாருடா உத்துப் பாத்தா?” என்றார்.

அம்மா என்ன நிறம் என்பதை இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.