பராதிச் சேச்சியும் மூன்று கட்சியின் வெள்ளைச் சட்டையும்

எங்கள் கம்பெனி ரோசிலி சேச்சியை வேலைக்கு எடுத்தது திறமையைப் பார்த்து அல்ல, பயந்துபோய்.

நாலு வருடத்துக்கு முன்னால் கொச்சி கலூரில் ஒரு கட்டடத்துக்கு அஸ்திவாரக் குழி தோண்டி பைலிங் போட்டுக்கொண்டிருந்தோம். குழியிலிருந்து வரும் சேற்றுத் தண்ணீரை வண்டி வைத்து அள்ள வேண்டும் என்பது விதி. வண்டி வராத நாளில் ஓடையில் திறந்துவிட்டோம் என்பது நடப்பு. ஓடை நிரம்பி, சேறு சேச்சியின் முற்றத்தில் ஏறி, மீன்சட்டி கழுவுகிற கல் வரைக்கும் போய்விட்டது. சேச்சி கார்ப்பரேஷனுக்கு மனு எழுதினார், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதினார், கலெக்டருக்கும் ஒன்று எழுதினார். பதில் வருகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று எங்கள் கேட்டுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பதினோரு நாள். கையில் ஜெபமாலை, மடியில் மனு நகல்கள். ஒரு கான்கிரீட் லாரி உள்ளே போகவில்லை. பன்னிரண்டாம் நாள் வேலையை நிறுத்தச் சொல்லி ஸ்டாப் மெமோ வந்தது.

முதலாளி வந்து பார்த்தார். "இந்தம்மாவ வெளிய உக்கார வச்சா நமக்குத்தான்டா நட்டம். உள்ள உக்கார வைங்க" என்றார்.

அப்படித்தான் சேச்சி அக்கம்பக்கத்துப் புகார்களைக் கேட்கிற வேலைக்கு வந்தார். இந்த ஊரில் அக்காவுக்குச் சேச்சி என்றும் புகாருக்குப் பராதி என்றும் பெயர். அதனால் அவர் பராதிச் சேச்சி. நான் ஸ்டோர் கீப்பர். வள்ளியூர்ப் பக்கம். பெயர் தங்கப்பழம். கொச்சிக்கு வந்து இருபத்து மூன்று வருடத்தில் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. தமிழன் என்றால் இங்கே அண்ணாச்சி, அவ்வளவுதான்.

சேச்சி தினமும் பத்து மணிக்குக் குடையை விரித்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். எல்லா வீட்டிலும் பால் விடாத கட்டஞ்சாயா குடிப்பார். சத்தம், கிரேன் விளக்கு கண்ணில் அடிக்கிறது, கொத்தனார் பாட்டுப் பாடுகிறார், எதைச் சொன்னாலும் ஒரு தடித்த நோட்டில் எழுதிக்கொள்வார். ஒரு பெரியவர், மத்தியானம் டிரில்லிங் நின்றுவிட்டால் தூக்கம் கலைந்துவிடுகிறது என்று பராதி சொன்னார். அதையும் எழுதினார். நோட்டில் அவருடைய சட்டம் ஒன்றுண்டு. 'தீர்ந்தது' என்ற வார்த்தையை அவர் எழுத மாட்டார். பராதி சொன்னவர்தான் தன் கையால் எழுத வேண்டும்.

போன தேர்தல் சமயத்தில் நாங்கள் வடுதலையில் பதினாலு மாடி கட்டிக்கொண்டிருந்தோம். பூச்சு வேலை நடந்த நேரம். எங்கள் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சுதர்மா சேச்சியின் சலவைக்கடை. சாதாரணச் சலவை இல்லை, கஞ்சி போட்ட வெள்ளை. சுதர்மா கஞ்சி போட்ட சட்டையைக் கழற்றினாலும் அது தானாக நிற்கும் என்பார்கள். மூன்று முன்னணி வேட்பாளர்களின் சட்டையும் வேட்டியும் அங்கேதான் வரும். மேடையில் ஒருத்தரை ஒருத்தர் கிழிப்பார்கள். சுதர்மாவின் கொடியில் தோளோடு தோள் சேர்ந்து காய்வார்கள். தேர்தல் மாதம்தான் அவருக்கு அறுவடை.

அந்த அறுவடையில் எங்கள் தூசி விழுந்தது. காலையில் வெள்ளையாக விரித்த துணி, மாலையில் எடுக்கும்போது சாம்பல் நிறம். இங்கே அரசியல் தெரியாத மனிதன் கிடையாது. தூசியிலும் அவர்களுக்கு அரசியல்தான் தெரிந்தது. எதிராளி காசு கொடுத்து நம் வேட்பாளரை அழுக்காக்கச் சொல்லியிருக்கிறான் என்று மூன்று கட்சி ஆபீசும் தனித்தனியாக முடிவு செய்தன. இரண்டு பேர் துணியை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது கட்சி ஒரு வாரம் தவணை கொடுத்தது.

சுதர்மா வாரியத்துக்கு மனு போட்டுவிட்டு, நேராக வந்து ரோசிலி சேச்சியின் மேஜைமேல் ஒரு சட்டையை எறிந்தார்.

"முப்பது வருசமா மூணு கட்சிக்கும் நான் பொது ஆளு. இன்னைக்கு என்னைத் துரோகின்னு சொல்றானுங்க. இந்தப் பேரோட நான் கடை நடத்தணுமா ரோசிலி?"

சேச்சி அந்தச் சட்டைக் காலரை விரலால் தேய்த்துப் பார்த்தார். "மனு அப்படியே இருக்கட்டும் சுதர்மேச்சி. வாரியத்துலேருந்து வர்றதுக்குள்ள இது எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுத் தரேன். முடியலேன்னா அதே நாற்காலிய எடுத்துட்டு வந்து உங்க கூடவே கேட்டுல உக்காந்துடறேன்."

எங்கள் மேனேஜர் பினோய் சார் கோட்டயத்துக்காரர், நல்ல மனிதர்தான். ஆனால் ஸ்டாப் மெமோ என்ற சொல்லைக் கேட்டாலே சிலுவை போட்டுக்கொள்வார். "தண்ணி தெளிக்கிறோம், பச்சை வலை கட்டியிருக்கோம், டயர் கழுவித்தான் லாரிய வெளிய விடறோம். இது ரோட்டுத் தூசி சேச்சி. இல்லையா அண்ணாச்சி?"

"ரோட்டுத் தூசிதான் சார்" என்றேன் நான். வேலிக்கு ஓணான் சாட்சி.

சேச்சி மூன்று பழைய வேட்டிகளைத் துண்டு துண்டாகக் கிழித்தார். கட்டடத்தின் நாலு பக்கமும் கொடி கட்டித் தொங்கவிட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். துணியின் மூலையில் நேரத்தைக் குறிக்கிற வேலை எனக்கு. சுதர்மாவின் சலவைக்குறி மையால் நானே எழுதினேன். சைட்டே சிரித்தது. "சேச்சி, என் பனியனையும் சேர்த்துத் தொங்க விடுங்க" என்று கம்பி கட்டுகிறவர்கள் மேலேயிருந்து கத்தினார்கள்.

"போடு. எவ்வளவு அழுக்குன்னு எழுதி உன் பொண்டாட்டிக்கு அனுப்பறேன்" என்றார் சேச்சி. அதற்குப் பிறகு பனியன் பேச்சு இல்லை.

மூன்று நாளில் படம் தெளிந்தது. மேற்கு, வடக்கு, தெற்கு எல்லாம் பரவாயில்லை. கிழக்கில் மட்டும், அதுவும் பன்னிரண்டு முதல் இரண்டு வரைக்குமான துணி மட்டும், சாம்பல். பினோய் சார் விடவில்லை. "அது சாப்பாட்டு நேரம். சைட்ல வேலையே கிடையாது. அப்போ ரோடுதானே?"

சேச்சி கேட்டைத் தாண்டிப் போய்க் குனிந்தார். ரோட்டு மண்ணை ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்தார். மூன்று நாள் மத்தியானத் துணிகளையும் ஒன்றாக மடித்தார். இரண்டையும் தனித்தனிக் கோப்பையில் நனைத்துப் பிழிந்து என் ஸ்டோர் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ரோட்டு மண் துணி துணியாகவே கிடந்தது. மற்றது அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. தட்டினால் சத்தம் வந்தது.

"ரோட்டு மண்ணு இறுகாது அண்ணாச்சி" என்றார் சேச்சி. "சிமென்டுதான் இறுகும். கான்கிரீட் லாரில கலந்து வருது. மூட்டைச் சிமென்டு யாரு பொறுப்பு?"

நான் சாயா கிளாஸைக் கீழே வைத்தேன். மூட்டைச் சிமென்டு என் பொறுப்பு.

காலியான சிமென்ட் பையை விற்பது எந்த ஊரிலும் ஸ்டோர்காரனின் சாயாக்காசு. பழைய பை வாங்குகிறவன் உதறாத பையை எடுக்க மாட்டான். அதனால் சாப்பாட்டு நேரத்தில் ரஹிமுல் என்கிற அசாம்காரரை ஏழாம் மாடிக்கு அனுப்புவேன். வெளிப்பக்கம் சாமான் ஏற்றுகிற லிப்ட் நிற்கிற வாசலில் மட்டும் பச்சை வலை திறந்திருக்கும். அங்கே நின்று சுவரில் அடித்து உதறினால் தூசி முகத்தில் அடிக்காது, கடல்காற்று கிழக்கே கொண்டுபோய்விடும். ஒரு நாளைக்கு எண்பது பை. ரோட்டின் மேல் பழி போட்டபோது எனக்கு இது நினைவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்; ஆனால் உண்மையில் நினைவில்லை. தினமும் செய்கிற தப்பு கண்ணுக்குத் தெரியாது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். சேச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணு நாளா என் பின்னாலயே வந்து நேரம் வேற குறிச்சீரே, ஓய்!"

"இன்னைக்கே நிறுத்திடறேன் சேச்சி."

"நாளைக்கு வாரியத்துலேருந்து வர்றாங்க. இன்னைக்கு நீர் நிறுத்தினா நாளைக்கு ஒண்ணும் இருக்காது. சுதர்மா பொய் சொன்னான்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அவ முகத்த நான் எப்படிப் பாக்கறது?"

பினோய் சாரிடம் போய்ச் சொன்னார். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "சேச்சி, பையை உள்ள வச்சு உதறிக்கலாம். கதை முடிஞ்சுது. நோட்டுல தீர்ந்ததுன்னு எழுதுங்க. நாமளே போய் நம்ம தூசின்னு சொன்னா ஸ்டாப் மெமோதான். என் வேலையும் போகும், உங்க வேலையும் போகும்."

"எனக்கு நாற்காலி இருக்கு" என்றார் சேச்சி.

மறுநாள் பதினோரு மணிக்கு வாரியத்தின் இன்ஜினியர் ஷஹனா மேடம் வந்தார். சின்ன வயது, பெரிய கண்ணாடி, சிரிக்காத முகம். பினோய் சார் சைட்டையே குளிப்பாட்டி வைத்திருந்தார். மோர் கொடுத்தார். மேடம் சுற்றிப் பார்த்தார், தூசி மானியைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். "இங்க ஒண்ணும் தப்பாத் தெரியலையே" என்று எழுதப் போனார்.

சேச்சி அந்த விறைத்த துணியைக் கொண்டுவந்து அவருடைய காகிதத்தின்மேல் வைத்தார். டொக் என்றது.

"மேடம், எழுதறதுக்கு முன்னால பக்கத்து முற்றத்துல அஞ்சு நிமிஷம் வந்து நில்லுங்க. அண்ணாச்சி, நீர் ஏழாம் மாடிக்குப் போம்."

நான் போனேன். ரஹிமுலை அனுப்பியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. மேலேயிருந்து பார்த்தால் சுதர்மாவின் முற்றம் தெரிந்தது. கொடியில் மூன்றாவது கட்சியின் சட்டைகள் பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தன. கீழே மேடம், சுதர்மா, இஸ்திரி போடுகிறவர்கள், வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்துக்காரர்கள். பினோய் சார் சுவரோரமாக நின்று சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது, சேச்சி. "அண்ணாச்சி, எப்பவும் அடிக்கிற மாதிரி அடியும். பத்தே பத்து பை."

அடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்து நான் எதையும் அடித்ததில்லை. வெள்ளைப் புகை மாதிரி ஒன்று கிளம்பி, காற்றில் நீண்டு, வழி தெரிந்த மாடு தொழுவத்துக்குப் போவது போல நேராக சுதர்மாவின் கொடிக்குப் போனது. போன் வழியாக முற்றமே அலறுவது கேட்டது. "பாத்தீங்களா! பாத்தீங்களா! நான் சொன்னேன்ல!" என்று சுதர்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் இறங்கி வந்தபோது பினோய் சார் தூக்குக்கு நிற்பவர் மாதிரி நின்றார். மேடம் கேட்டார்: "இத யாரு கண்டுபிடிச்சது?"

"சைட்ல உள்ளவங்கதான் மேடம்" என்று சொன்னார் சுதர்மா. அவர் வாயிலிருந்து அது வந்ததை நான் மறக்க மாட்டேன். "ரோசிலி கண்டுபிடிச்சா. தப்பு செஞ்சது இந்த அண்ணாச்சி. ரெண்டும் அவங்க ஆளுங்கதான்."

மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். "ஒளிச்சு வைக்கிற சைட்டுக்குத்தான் ஸ்டாப் மெமோ. தானே கொண்டு வந்து காட்டினவங்களுக்கும் அதே குடுத்தா, நாளைக்கு எவன் காட்டுவான்?" காலிப் பையை மூடிய அறைக்குள்தான் உதறிக் கட்ட வேண்டும், வாசலுக்கு வலைக்கதவு போட வேண்டும், கெட்டுப்போன துணி அத்தனைக்கும் மறுசலவைக் கூலி கம்பெனி கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பினோய் சார் விட்ட பெருமூச்சில் இன்னொரு பையை உதறியிருக்கலாம்.

சேச்சி அதோடு விடவில்லை. அன்று சாயங்காலமே விறைத்த துணியை எடுத்துக்கொண்டு, என்னையும் பினோய் சாரையும் முன்னால் விட்டு, மூன்று கட்சி ஆபீசுக்கும் நடத்திக்கொண்டு போனார். மூன்று இடத்திலும் நான் குனிந்து நின்று, "நான்தாங்க. எதிர்க்கட்சி இல்லீங்க" என்றேன். ஒரு செயலாளர் துணியை மேஜையில் தட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளா இந்த அண்ணாச்சியா எங்கள எதுத்துப் பிரச்சாரம் பண்ணினது!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் காலையில் மூன்று மூட்டைகளும் சுதர்மாவின் வாசலில் இருந்தன.

பிரச்சாரம் முடிகிற சாயங்காலம், மூன்று ஊர்வலமும் செண்டைமேளத்தோடு எங்கள் முக்கில் வந்து முட்டிக்கொண்டன. கொடி, கோஷம், தொண்டை கிழியக் கத்தல். மூன்று ஜீப்பிலும் மூன்று வேட்பாளர்கள், மூன்று பேர்மேலும் கண் கூசுகிற வெள்ளை. சுதர்மா கடை வாசலில் நின்று ஒவ்வொரு காலராக உற்றுப் பார்த்தார். மூன்று ஜீப்பும் கடந்து போகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

"யாரு ஜெயிப்பா சேச்சி?" என்று சுதர்மாவிடம் கேட்டேன்.

"எவன் ஜெயிச்சா என்ன அண்ணாச்சி, நிக்கப்போறது என் கஞ்சிதான்."

சொல்லிவிட்டு ரோசிலி சேச்சியின் பக்கம் கையை நீட்டினார். சேச்சி குடையை என்னிடம் கொடுத்துவிட்டு நோட்டைத் திறந்து பிடித்தார். மேளச் சத்தத்துக்கு நடுவில், சுதர்மா என் முதுகின்மேல் நோட்டை வைத்து, சலவைக்குறி மையால் பெரிய எழுத்தில் 'தீர்ந்தது' என்று எழுதினார்.