அத்தான் நடிக்காத காட்சி

ஆயர் ஈத்தாமில் செடி வைக்கும் மண் பூச்சட்டி செய்து விற்கும் சீனர் ஒருவரிடம்தான் அந்த அம்மன் சிலையைச் செய்யச் சொன்னேன். என் கைப்பேசியில் இருந்த படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, முகம் கோபமாக இருக்க வேண்டுமா, சிரிக்க வேண்டுமா என்று மலாய் மொழியில் கேட்டார். நான் அதை யோசித்திருக்கவில்லை. இரண்டும் வேண்டாம் என்றேன். மூன்று வாரம் கழித்துப் போனபோது, எதையும் கண்டுகொள்ளாத முகத்தோடு ஓர் அம்மன் பூச்சட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். காரின் பின் இருக்கையில் பழைய போர்வை விரித்து, அதில் படுக்கவைத்து எங்கள் ஊரான சிகாமட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அப்போது நான் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஒரு குறும்படப் போட்டிக்காகக் கதை எழுதியிருந்தேன். வெள்ளத்தில் மகனைப் பறிகொடுத்த ஒருவன், தண்ணீர் வடிந்ததும் கோயிலுக்குப் போய் அம்மனைத் திட்டி, அவள் முகத்தில் துப்புகிறான். இதை எடுக்க எந்தக் கோயிலும் இடம் தராது. அதனால்தான் மண் சிலை. லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் பூட்டிக்கிடந்த கொட்டகையைக் கேட்டு வாங்கி, அதையே கோயிலாக மாற்றினேன்.

நடிக்க என் அக்காள் கணவரைக் கேட்டேன். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். அதிகம் பேசமாட்டார். அவர்களுடைய ஒரே மகள் ஏழு வயதில் டிங்கிக் காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் மருத்துவமனையில் கிடந்த அன்று அத்தான் அம்மனுக்குப் பால்குடம் எடுக்கப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஆண்டு தவறாமல் பால்குடம் எடுத்தார். அம்மனைக் குறைசொல்லி அவர் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. இதெல்லாம் தெரிந்தேதான் அவரைக் கேட்டேன். அவருடைய முகம் கதைக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படப்பிடிப்பன்று கொட்டகைக்குள் நுழைந்தவர்கள் எல்லோரும், சொல்லிவைத்தாற்போல், செருப்பை வாசலில் கழற்றிவிட்டார்கள். நானும்தான். நான் எழுதிக்கொடுத்த வசனம் "உனக்குக் கண்ணில்லையா தாயே?" என்று தொடங்கும். அத்தான் அதைச் சொல்லவில்லை. சிலைக்கு மிக அருகில் போனார். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல மெல்லிய குரலில், "அவ தண்ணி தண்ணின்னு கேட்டாளாம்டி. அந்நேரம் நான் உன் தலையில பால ஊத்திக்கிட்டு நின்னேன்" என்றார். பிறகு துப்பினார்.

கேமராவை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. அவரே சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சிரு மச்சான், மறந்துட்டேன். இன்னொரு தடவ எடுப்போம்" என்றார். இரண்டாம் முறை என் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். அதில் உயிரே இல்லை.

இரண்டு நாள் கழித்து அழைத்தார். "அந்த மொத தடவ எடுத்தத வைக்காத மச்சான். வேணாம்லா." பார்க்கிறேன் அத்தான் என்றேன். அதைத்தான் வைத்தேன்.

படம் ஜோகூர் பாருவில் பரிசு வாங்கியது. அதற்குப் பிறகு யாரோ அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டிக் கைப்பேசிகளில் பரப்பினார்கள். ஒரு தமிழன் அம்மன் முகத்தில் துப்புகிறான், அவ்வளவுதான். முன்னும் பின்னும் இல்லை. போலீசில் புகார் கொடுப்போம் என்றார்கள். அதற்குமுன் பேசிப் பார்க்கலாம் என்று ஊர் அம்மன் கோயில் தலைவர் எங்களைக் கூப்பிட்டார்.

கோயில் மண்டபத்தில் நான் நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். கொலையைக் காட்டும் படம் கொலை ஆகாது என்றேன். மந்திரம் சொல்லி உரு ஏற்றாத சிலை வெறும் மண் என்றேன். கடவுளைத் திட்டுகிறவனைக் காட்டினால் நான் திட்டியதாகுமா என்று கேட்டேன். தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், பொறுமையாகக் கேட்டார். பிறகு அத்தானைப் பார்த்து, "நடிப்புதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்குங்கன்னு சொல்லுங்க. இதோட முடிச்சிரலாம்" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "தலைவரே, ஒரு சந்தேகம். படத்துல செத்தது பையன். இவரு ஏன் 'அவ'ன்னு சொல்றாரு?"

படத்தை நூறு முறை பார்த்தவன் நான். அந்தச் சொல் என் காதிலும் விழுந்ததுதான். யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று விட்டுவைத்திருந்தேன்.

"நடிக்கலங்க" என்றார் அத்தான். "நான்தான் சொன்னேன். அம்மன்கிட்டதான் சொன்னேன்."

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அக்காள் எழுந்து வெளியே போனாள். மகள் கடைசியாகத் தண்ணீர் கேட்டதை அவள்தான் ஒரே ஒருமுறை, கோபத்தில், அத்தானிடம் சொல்லியிருக்கிறாள். அதை ஊரெல்லாம் கேட்கும்படி ஆக்கியவன் நான். அவள் என்னோடு மூன்று ஆண்டுகள் பேசவில்லை.

புகார் எதுவும் போகவில்லை. அந்த ஆண்டு பால்குடம் எடுக்க வேண்டாம் என்று மட்டும் அத்தானிடம் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் அக்காளைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு லாரியிலேயே உட்கார்ந்திருப்பார். நான் மறுபடியும் கல்யாண வீடியோவுக்குப் போனேன்.

இப்போதும் எப்போதாவது கல்லூரிப் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். தெய்வநிந்தனையைக் காட்டும் படம் தெய்வநிந்தனை ஆகுமா என்று கலந்துரையாடல் வைப்பார்கள். மண்டபத்தில் சொன்னதையே சொல்லிவிட்டு வருகிறேன். அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் சொல்லச் சொல்லக் களைப்பாக இருக்கிறது. அம்மனை நான் அவமதித்தேனா என்பது எனக்குத் தெரியாது. அவள் கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன். வேண்டாம் என்று ஒரு மனிதர் சொன்னதை வைத்தேன் என்பது தெரியும். அதை எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை.

போன மாதம் அத்தானைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். சர்க்கரையால் பார்வை மங்கிவருகிறது. திரும்பும் வழியில் மழை. காரை ஓரமாக நிறுத்தினேன். அப்போதுதான் சொன்னேன். "அத்தான், நீங்க வேணாம்னீங்க. நான் கேக்கல."

"அது ஆச்சு ரொம்ப வருசம்" என்றார். பிறகு என் கைப்பேசியைச் சுட்டிக்காட்டினார். "நான் அதப் பாத்ததே இல்ல மச்சான். கண்ணு தெரியறப்பவே போட்டுக் காட்டு."

கைப்பேசியை மூக்கருகே பிடித்துக்கொண்டு அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்தார். திரும்பவும் ஒருமுறை போடச் சொன்னார். முகத்தில் கோபம் இல்லை. எதையோ தேடுகிறவர்போல இருந்தார்.

"பேரச் சொல்லலையே நான்" என்றார். "வெறும் 'அவ'ன்னுதான் சொல்லியிருக்கேன்."

பிறகு பெயரைச் சொன்னார். மகள் போனபின் அவர் வாயிலிருந்து அதை நான் கேட்டதில்லை. இன்னொரு தடவையும் சொன்னார், யாரையோ உள்ளே கூப்பிடுவதுபோல. அந்தப் பெயரை இங்கே எழுதட்டுமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அதனால் எழுதவில்லை.