சூப்பர்வைசர் பாஸ்வேர்டில் நடந்த நிச்சயதார்த்தம்

தொழிற்சாலையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற வேலை எப்படிப்பட்டது தெரியுமா? எல்லாம் ஒழுங்காக ஓடினால், "இந்தம்மா சும்மாதானே உட்கார்ந்திருக்கு, எதுக்கு?" என்பார்கள். ஏதாவது நின்றுபோனால், "இந்தம்மா இருந்தும் நின்னுபோச்சே, எதுக்கு?" என்பார்கள். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பல வருஷமாக இந்த "எதுக்கு"வை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இதே பிழைப்பில் இருக்கும் புண்ணியவான்களே, புண்ணியவதிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி அழுவேன்!

ஊருக்கே தெரிந்த ரகசியம்

எங்கள் லைனில் ஒரு கம்ப்யூட்டர். சூப்பர்வைசர் துரை தன் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தால்தான் உற்பத்திக் கணக்கு ஏறும். ஆட்களின் லீவும் அதே இடத்தில்தான் பாஸ் ஆகும். பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்றியே ஆக வேண்டும் என்று நான்தான் உத்தரவு போட்டேன். மாற்றினார் மனுஷன். மாற்றிய கையோடு, பிரஸ் மெஷின் சத்தத்துக்கு மேலே, கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி புதுப் பாஸ்வேர்டைக் கத்திச் சொன்னார். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! போய்ச் சண்டை போட்டேன். துரை பக்கத்துப் பென்னலூர்க்காரர், அசருவாரா?

"இன்னா மேடம் நீங்க, நான் டீ குடிக்கப் போறப்போ பாஸ்வேர்டையும் கூடவே இட்டுக்கினு போனா லைனை யாரு ஓட்றது?"

மாப்பிள்ளைக்கு லீவு இல்லை

அதே லைனில் இசக்கிமுத்து என்று ஒருவன். தென்காசிப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். ஊரில் அவனுக்குப் பெண் பார்த்து நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். லீவு கேட்டான். ஓ.டி. போட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. லைனில் மற்ற எல்லோருமே கல்யாணம், காதுகுத்து என்று ஏற்கெனவே லீவு கேட்டு வரிசையில் நின்றார்கள். யாருக்கும் கிடையாது என்றுவிட்டார் துரை. இசக்கி கெஞ்சியபோது நான் பக்கத்தில்தான் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். துரை சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"நிச்சயம் பண்றது பெரியவங்க வேலை, நீ அங்க போயி இன்னா பண்ணப் போற, பஜ்ஜி சுடப் போறியா?"

ஒரே ஒரு க்ளிக்

துரை சாப்பிடப் போன நேரத்தில் இசக்கி அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து தன் லீவைத் தானே பாஸ் செய்துகொண்டான். அதோடு போயிருந்தால் சமாளித்திருக்கலாம். அந்த சாஃப்ட்வேரை எழுதிய மகராசன், காத்திருக்கும் எல்லாப் பெயரிலும் முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருக்கிறான்! வேண்டாதவர்களின் டிக்கை நாம்தான் எடுக்க வேண்டும். இசக்கிக்கு அது தெரியாது. ஒரே க்ளிக்கில் அத்தனை பேருக்கும் லீவு. போனில் மெசேஜ் வந்ததும் ஏன், எப்படி என்று ஒருவராவது கேட்டிருப்பார்களா? பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் லைனில் துரை தனியாக நின்றார். ஜி.எம். என் அறைக்கு ஓடிவந்து, எந்த நாட்டுக்காரன் ஹேக் பண்ணினான் என்று கேட்டார். வெளிநாடாவது வெங்காயமாவது! பதிவைத் தோண்டிப் பார்த்தால், எங்கள் லைன் கம்ப்யூட்டர்தான், சாப்பாட்டு நேரம்தான். கேமராவில் இசக்கி முகம் பளிச்சென்று இருந்தது. நிச்சயதார்த்தம் முடிந்து, கையில் அல்வாப் பொட்டலத்தோடு திரும்பி வந்தவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை அவன்.

"எனக்கு மட்டுந்தான் மேடம் அமுக்குனேன், அது ஊருக்கே குடுத்துட்டு."

மூன்று வருஷம்

ஹெச்.ஆர். மேனேஜருக்கு இது போதுமே! "ஹேக்கர்" என்று சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு விரிந்தது. அடுத்தவர் பாஸ்வேர்டை ஏமாற்றிப் பயன்படுத்தினால் ஐ.டி. சட்டப்படி மூன்று வருஷம் வரை ஜெயில் என்று மீட்டிங்கில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். "கூவிக் கூவிக் கொடுத்தது நாம சார், ஒரு வார்னிங்கோட விட்டுடலாம்" என்றேன். கேட்டால்தானே! ஜி.எம். மெயிலிலிருந்து ஸ்டேஷனுக்குப் புகார் போய்விட்டது.

இசக்கி என் அறை வாசலில் வந்து நின்றான். வழக்கமான "மேடம்" அவனுக்கு மறந்துபோயிருந்தது. செய்தது தப்புதான், அதற்காக வாழ்க்கையையே பிடுங்குவதா?

"வேலை போனாக்கூட வேற பாத்துக்கிடுவேன்க்கா, கேஸுன்னு கேள்விப்பட்டா பொண்ணு வீட்டுல நிச்சயத்தையே முறிச்சிருவாவ."

ஸ்டேஷனில்

எஸ்.ஐ. எங்கள் எல்லோரையும் வரச் சொன்னார். முதலில் இசக்கியை வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு புகார் மெயிலைக் காட்டி, "இதை நீங்கதானே அனுப்பினீங்க?" என்று ஜி.எம்.மிடம் கேட்டார்.

"என் மெயில்தான் சார். ஆனா நான் எங்க அதையெல்லாம் தொடறேன்? ஹெச்.ஆர்.தான் என் பாஸ்வேர்டைப் போட்டு உள்ள போயி எழுதிடுவாரு. இதை நானே இன்னும் படிக்கலை" என்றார் ஜி.எம். பெருமையாகத்தான் சொன்னார். ஹெச்.ஆர். மேனேஜர் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். சிரிப்பை அடக்க நான் இருமவேண்டியதாயிற்று. எஸ்.ஐ. பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"கேஸ் தாராளமா போடறேன் சார், முதல் ஆளா இந்தப் பையனைப் போடட்டா, உங்க பக்கத்துல உக்காந்துக்கினு கீறாரே, அவரைப் போடட்டா?"

புகார் அங்கேயே வாபஸ் ஆனது, இசக்கிக்கு ஒரு வார்னிங்கோடு வேலையும் தை மாதத்தில் கல்யாணமும் நிலைத்தன, ஆனால் எங்கள் கம்பெனிக்குள் நுழைய எவனாவது ராத்திரி பகல் கண்விழித்து ஹேக்கிங் படித்துக்கொண்டிருந்தால், பாவம், வாசலில் வந்து கேட்டாலே பாஸ்வேர்டு கிடைக்கும் என்று அவனுக்கு யாராவது சொல்லுங்கள்.