விளக்கு வைக்கக் கூடாத படம்

சண்டை முடிந்து இத்தனை வருடம் ஆகியும், படம் பார்க்க வருகிறவர்களுக்கு என்னிடம் வேண்டியது முள்ளுக்கம்பிதான். வாவியைக் கீறி வைத்தால் தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்துவிட்டு, "இதில போர் எங்க டீச்சர்?" என்று கேட்கிறார்கள். நான் எங்கே போவேன்? பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். முழங்கால் நோவு ஒரு பக்கம், இந்தக் கேள்வி ஒரு பக்கம். உள்ளதைச் சொன்னால், எனக்கு அலுத்துப் போயிற்று.

ஆனாலும் ஒரு வேலையை மட்டும் விட முடியவில்லை. காணாமல் போனவர்களின் முகத்தைக் கீறிக் கொடுக்கிற வேலை. அடையாள அட்டையிலுள்ள நகத்தளவு படத்தையோ, யாருடைய கலியாணத்திலோ ஓரமாய் நிற்கிற தலையையோ அவர்களின் தாய்மாரும் பெண்சாதிமாரும் கொண்டுவருவார்கள். பென்சிலால் பெரிதாகக் கீறிக் கொடுப்பேன். சட்டம் மட்டும் போட மாட்டேன். எங்கள் பக்கத்தில் தனி ஆளின் படம் கண்ணாடிச் சட்டத்தோடு சுவரில் ஏறினால், ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று என்று பொருள். கீழே விளக்கும் பூவும் வந்துவிடும். அதனால் இந்தப் பெண்கள் நான் கொடுக்கிற தாளைச் சுருட்டி, அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்துக்கொள்வார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி மண்டூர்க்காரி. வயல் வட்டைக்குத் தண்ணீர் பார்க்கப் போன அவள் புருசனை வழியில் மறித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போது மகள் கைக்குழந்தை. பிறகு எத்தனையோ பேர் வந்து மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். "உடம்பக் காட்டட்டும், மறுகா பொட்ட அழிக்கிறன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பொட்டும் தாலியுமாகவே இருக்கிறாள்.

என்னோடு சித்திரம் படித்த ஒருவன் சுவிஸில் இருக்கிறான். உயிருக்குப் பயந்து ஓடியவன், அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டே விடுமுறை நாட்களில் படம் வரைகிறான். நான் கீறிய முகங்களை வைத்து ஒரு கண்காட்சி செய்யப் போவதாகவும் பிரதிகள் அனுப்பும்படியும் கேட்டான். எனக்கு இந்தக் கண்காட்சிகளில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அந்தந்தப் பெண்களிடம் கேட்டேன். மண்டூர்க்காரி உடனே, "அனுப்புங்க டீச்சர். அங்கால ஆராவது அவரக் கண்டிருந்தாலும் கண்டிருப்பாங்க" என்றாள். அந்த ஆசைக்காக அனுப்பினேன்.

போன ஆவணியில் ஒரு நாள் காலை, முதல் பாதையிலேயே வாவியைக் கடந்து வந்து என் வாசலில் நின்றாள். வள்ளங்களை இணைத்துப் பலகை போட்டு ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றுவார்களே, அந்தப் பாதை. கையில் மகளின் போன்.

"என்ட மனிசனுக்கு ஆரு டீச்சர் விளக்கு வெச்ச?"

போனை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைச் சுவரில் நான் கீறிய முகங்கள் வரிசையாக. எல்லாவற்றுக்கும் கறுப்புச் சட்டம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்னக் குத்துவிளக்கு, எரிந்துகொண்டு. அவன் பெருமையாகப் பேஸ்புக்கில் போட்டிருக்கிறான், அது ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது.

மகளுக்குச் செங்கலடியில் மாப்பிள்ளை பேசி, நாளும் வைத்தாயிற்று. தாரை வார்க்கிறது தாய்மாமனும் அவர் மனைவியும். மகளின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவருவது மட்டும் தான்தான் என்று இவள் சொல்லி வைத்திருந்தாள். இப்போது மாப்பிள்ளையின் தாய் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: தகப்பன் இல்லை என்று விளக்கே வைத்தாயிற்றாம், இனித் தாய் முன்னுக்கு நிற்பது நல்லதில்லையாம்.

எனக்கு வந்த கோபத்தில் அவள் முன்னாலேயே சுவிஸுக்குப் போன் எடுத்தேன். சத்தத்தையும் கூட்டி வைத்தேன், அவளும் கேட்கட்டும் என்று.

"ஒனக்கு மூள கழண்டுட்டா? ஊர விட்டுப் போனதோட ஊர்ப் பழக்கமும் போயிட்டா? உசிரோட இரிக்கிற ஆக்களுக்கு விளக்கு வெப்பியா நீ?"

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"எங்கட அம்மா செத்ததுக்கு நான் வர ஏலாமப் போச்சு. நெருப்பு வெச்சத போன்ல பாத்தன். இன்னும் அவட படத்துக்கு முன்னால இருந்து அழல்ல நான். இந்த முகங்கள் சுவரில ஏறினோடன கை தானாப் போச்சுடி. நம்மட ஆக்கள இருட்டில விட்டுட்டு இருக்கிற மாதிரி இருந்திச்சு."

இவனை என்னவென்று ஏசுவது? ஊரை மறந்திருந்தால் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டான். எனக்கு அழுகை வந்தது, அவன்மேலும் ஆத்திரம் தீரவில்லை.

"பாவம் அந்த அண்ணன்" என்றாள் அவள். "விளக்க மட்டும் எடுத்திரச் சொல்லுங்க."

உடனே எடுக்கிறேன் என்றான். ஆனால் ஊரெல்லாம் போன படத்தை யார் திருப்பிக் கூப்பிடுவது? தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"என்னையும் அவருக்குப் பக்கத்தில கீறுவீங்களா? உசிரோட இரிக்கிற ஆள் பக்கத்தில நிண்டா, ஆரும் விளக்கு வெக்க மாட்டாங்கதானே?"

நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டேன். அவள் முகம் கழுவி, பொட்டைப் புதிதாக வைத்து, தாலியைச் சேலைக்கு வெளியே எடுத்துவிட்டு அதில் உட்கார்ந்தாள். கலியாணத்தில் இருந்த மாதிரிக் கீறவா என்று கேட்டேன்.

"வேணா. இப்ப இரிக்கிறபடியே கீறுங்க. வந்தாரெண்டா அடையாளம் தெரியோணும்."

நரைத்த முடியும் வெயில் தின்ற கன்னமுமாக அவளைக் கீறினேன். பக்கத்தில் அவருடைய முகம், முப்பது வயது, அடர்ந்த மீசை. "அவருக்கும் வயசு வெக்கவா புள்ள? எனக்கு ஏலும்" என்றேன்.

"வேணா டீச்சர். அவருக்கு வயசு போனத நான் காணல்லியே. கண்டதக் கீறுங்க."

முடித்ததும் அதைப் போனில் படமெடுத்து, அதே இடத்தில் இருந்தபடி மாப்பிள்ளையின் தாய்க்குக் குரல் பதிந்து அனுப்பினாள்.

"மச்சாள், மகளக் கூட்டிவர நான்தான் வருவன். நாங்க ரெண்டு பேரும் உசிரோடதான் இரிக்கம்."

அனுப்பிவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியைத் தள்ளி வைத்துவிட்டுத் தாளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். என் வாய்க்குள் வந்ததை நான் சொல்லவில்லை. அவளே கண்டுவிட்டாள்.

"தாயும் மகனும் போல இரிக்கி, என்ன டீச்சர்?"

"ஓம் புள்ள" என்றேன்.