பரணுக்குக் கீழே

பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது மணம் நின்றுபோனது. மலைமேல் கவுஞ்சி கிராமத்தில் எங்கள் வீட்டில் பூண்டு மணம் இல்லாத மூலையே கிடையாது. விளைந்த பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டி வைப்போம். உரித்த பல்லை மூக்கில் வைத்துத் தேய்த்தேன். ஒன்றுமில்லை. அப்போது எனக்கு நிறைமாதம்.

மலைக்குக் கீழே இருந்த மருத்துவமனையில் அனாஸ்மியா (மோப்பம் அற்றுப்போதல்) என்றார்கள். கொரோனா உறுதியானது. மறுநாளே பெண் பிறந்தாள். தூர, கதவருகே நின்று முகத்தைக் காட்டிவிட்டுக் கொண்டுபோனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

"பதினாலு நாள்தாம்மா. பிள்ளை நல்லதுக்குத்தான்" என்றார் டாக்டரம்மா. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கதவின்மேல் இன்னும் இருக்கிறது.

என் கணவரின் அக்கா, எனக்கு மதினி, பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோய்ப் புட்டிப்பால் கொடுத்தார். நான் ஆஸ்பத்திரிக்கு உடுத்தி வந்த சேலையையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். என் வாசம் பழகட்டும், அதில் கிடத்துங்கள் என்று போனில் கெஞ்சினேன். இங்கே பால் கட்டி மார்பு கல்லாய்க் கனத்தது. பிழிந்து பிழிந்து கொட்டினேன்.

பதினைந்தாம் நாள் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, புதுச் சேலை கட்டி வீட்டுக்குப் போனேன். மார்பில் அணைத்ததும் பிள்ளை வீறிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உச்சந்தலையை முகர்ந்தேன்; எனக்கும் வெறுமைதான். யார் பிள்ளையையோ வைத்திருப்பதுபோல் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் உங்களில் ஒருத்திக்கு அப்படித் தோன்றினால், எனக்கும் தோன்றியது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மதினி அழுதுவிட்டார். "நாந்தான் தப்புப் பண்ணிட்டேன். கிருமி இருக்குமோன்னு பயந்து, அந்தச் சேலைய நெதம் பரணுல போட்டுப் புகை காட்டித்தான் விரிச்சேன். பூண்டுல பூச்சி அண்டாதுல்ல, அந்த நெனப்புல."

அத்தனை நாளும் பிள்ளை பூண்டுப் புகையில்தான் தூங்கியிருக்கிறாள். சேலையை வாங்கிப் போர்த்திக்கொண்டேன். உடனே மார்பைக் கவ்விக்கொண்டாள். நான் அழுதேன், சந்தோஷத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மோப்பம் பல மாதம் கழித்துத்தான் வந்தது, அதுவும் அரைகுறையாக. மகளின் வயதை யாராவது கேட்டால் வாய் சரியாகச் சொல்லிவிடும். உடம்பு மட்டும் பதினான்கு நாளைக் கழித்துக்கொள்ளும்.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் காட்டுவேலை முடிந்து வந்தபோது அடுப்படியில் விசும்பல் கேட்டது. விழுந்து முழங்காலைச் சிராய்த்திருந்தாள். பரணுக்குக் கீழே நின்று, மேலே பூண்டைப் பார்த்து, "அம்மா, அம்மா" என்று அழுதுகொண்டிருந்தாள்.

வாசலிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள், ஓடிவரவில்லை. நான்தான் போய் அவள் பக்கத்தில், பரணுக்குக் கீழே நின்றேன். அப்புறம்தான் தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள்.