தோளில் விட்டுப்போன தையலும் ஒரு கட்டுத் தினையும்

மலைமேல் திருப்புலி நாட்டில் ஒரு விவசாயியின் தினைக்காட்டுக்குக் காவல் இருக்க ஒப்புக்கொண்டேன். வேறு எங்கும் போக இடமில்லை என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை. வேளைக்குக் கூழ், பரண் மேல் படுக்கை. கூலி அறுவடை அன்றுதான். காவல்காரன் எவ்வளவு பெரிய கதிர்க்கட்டைத் தன் தலைக்குத் தானே ஏற்றிக்கொள்கிறானோ அவ்வளவும் அவனுக்கு. யாரும் கை கொடுக்கக் கூடாது. நான் சுமை தூக்கிப் பழகியவன். ஒரு மாடு சுமக்கிற அளவு கட்டைத் தூக்கிக் காட்டுவதாக மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கதிர் பால் பிடித்ததும் கிளிகள் வந்தன. பரணில் நின்று கவணைச் சுழற்றிக் கல்லெறிவது என் வேலை. ஒரு காலையில் முழு வேகத்தில் வீசினேன். கல் போனது. தோளுக்குள் ஈரத்துணி கிழிவது போல ஏதோ நடந்தது. கிளி பறக்கவில்லை, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

அதன்பின் வலது கையைப் பக்கவாட்டில் தூக்க முடியவில்லை. அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கவும் முடியவில்லை. விவசாயி என்னை எலும்புக் கட்டுப் போடுபவரிடம் கூட்டிப்போனார். அவர் என் கையைப் பிடித்துக் காது வரை தூக்கினார். தடையில்லாமல் போனது. விட்டார். கை பொத்தென்று விழுந்து, முட்டை வெள்ளைக்கரு வைத்திருந்த சட்டியைக் கவிழ்த்தது.

"எலும்பு நல்லாத்தான் இருக்குது. நான் தூக்கினா போவுது, இவன் தூக்கினா போவல. கையில நோவு இல்லீங்க, ஆளுலதான் நோவு" என்றார் விவசாயியிடம்.

"அப்ப கட்டு வேண்டாமுங்களா?"

"முட்டை கொட்டிப்போச்சே, வேறயும் உடைச்சாச்சு. கட்டாம உட்டா வீணாப் போவும்."

உளுந்து மாவைக் குழைத்து அப்பி, மூங்கில் பத்தை வைத்து, கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். பிறைநிலா முழுநிலாவான பிறகு அவிழ்த்தபோது, அடுத்தவர் தூக்கினாலும் கை போகாத நிலைக்கு வந்திருந்தது. "இப்ப நோவு கைக்கு வந்துருச்சு, நல்ல சகுனம்" என்றார்.

நான் புளியஞ்சோலை வழியாக இறங்கித் துறையூர்ப் பக்கம் ஒரு டாக்டரைத் தேடிப் போனேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் சட்டையின் தோள்பட்டைத் தையலைக் காட்டினார்.

"தோள் மூட்டைச் சுத்தி நாலு தசைநார், இந்தச் சட்டைக் கையைத் தையல் பிடிச்சிருக்கிற மாதிரி பிடிச்சிட்டிருக்கும். உனக்கு மேல் தையல் விட்டுப்போச்சு. எலும்பைத் தடவிப் பார்த்தாத் தெரியாது. உன் சட்டையில காட்டலாம்னா..."

"சட்டை இல்லீங்க."

"சரி. கிழிசல் தானா ஒட்டாது. பக்கத்து நார் அந்த வேலையைப் பழகிக்கும், மாசக்கணக்குல ஆகும். கட்டி வைக்காதே, இறுகிப்போகும். நல்ல கையால கெட்ட கையைத் தூக்கித் தூக்கி இறக்கு. தலைக்கு மேல பாரம் மட்டும் ஏத்தவே கூடாது."

என் கூலியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நல்ல யோசனை.

பரணுக்குத் திரும்பி, விட்டத்தின் மேல் ஒரு கயிற்றைப் போட்டேன். ஒரு முனையை வலது மணிக்கட்டில் கட்டி, மறு முனையை இடது கையால் இழுத்தேன். கை ஏறியது, இறங்கியது, நான் கத்தினேன். கத்தலுக்கும் கையாட்டத்துக்கும் பயந்து கிளிகள் பக்கத்துக் காட்டுக்குப் போயின. விவசாயிக்குப் பரம சந்தோஷம்.

"கண்ணு, இதை முன்னயே செஞ்சிருக்கலாமல்ல? கல்லாச்சும் மிச்சமாயிருக்கும்."

அறுவடைக்குள் கை காதுவரை தானாகவே எழுந்தது. ஆனால் ஒரு செம்புத் தண்ணீரை வைத்தால்கூட நடுங்கி இறங்கியது. கூலி நாளில் ஊரே களத்துக்கு வந்தது. நான் பெரிய கட்டாகக் கட்டினேன். இடது கையால் அதை களத்தை அடுத்த மேல்காட்டின் ஆளுயரக் கல்கட்டு விளிம்புவரை இழுத்துவந்து, கீழ்க்காட்டில் இறங்கி நின்று, தலையை அடியில் கொடுத்து, அப்படியே இழுத்தேன். கட்டு தலைக்கு வந்துவிட்டது.

"அதென்னங்க நாயம்? கட்டு ஏறலியே, ஆளுதானே எறங்குனான்!" என்றார் விவசாயி.

"தலையில இருக்குதுங்களா, இல்லீங்களா?" என்றேன் கீழிருந்து.

"இருக்குதுதான். ஆனா வந்த வழி சரியில்ல."

ஏறுவது எது, இறங்குவது எது என்று பெரியவர்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுப் பேசினார்கள். என் கழுத்து தோளுக்குள் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் விவசாயியின் மனைவி குறுக்கே வந்தாள். "ஏனுங்க, அவன் யாருகிட்டயும் கையக் கேக்கலியே? அவனுகிட்டயே கை இல்ல. உடுங்க."

தீர்ந்தது. ஆனால் கட்டைத் தன் வீடுவரை இறக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அது காவல்காரனுடையது என்றார் ஒரு பெரியவர்.

"உன்ற ஊடு எங்க சாமி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். கட்டு கனத்தது. தெரிந்த ஒரே வழியில் நடந்தேன். அது விவசாயியின் வீட்டுக்குப் போகும் வழி. அவர் பின்னாலேயே ஓடிவந்தார். "எங்காட்டுக் கதிரை எங்கூட்டுக்கே சொமந்துட்டு வந்து கூலிங்கறானே!"

வாசலில் நின்றேன். இறக்கத் தெரியவில்லை. அவரே முனகிக்கொண்டு கட்டைப் பிடித்து இறக்கி, உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அந்தப் பனிக்காலம் முழுக்க அதே வீட்டில் மூவரும் என் தினையைத்தான் தின்றோம். ஒவ்வொரு கவளத்துக்கும் அவர் என்னை முறைத்தார். வலது கை கவளத்தோடு வாய்வரை ஏறாததால் நான் இடது கையால் தின்பதற்கு அவர் மனைவிதான் அவருக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.