சனிக்கிழமை வகுப்பின் வாசலில்

ஸ்கார்பரோவில் ஒரு பள்ளிக்கூடம். சனிக்கிழமைகளில் இங்கே தமிழ் வகுப்பு நடக்கிறது. நண்பரின் மகளைக் கொண்டுவந்து விட்ட நான், வெளியே பனி கொட்டுவதால் உள்ளேயே ஒதுங்கி நிற்கிறேன். வகுப்பறை வாசலில் ஈரச் சப்பாத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கழற்றாமல் யாரும் உள்ளே போவதில்லை.

கதவருகே ஒரு கறுப்பினச் சிறுமி தாயின் கையைப் பிடித்தபடி காத்திருக்கிறாள். சிநேகிதி படிக்கும் தமிழை அவளும் படிக்க வேண்டுமாம்.

"உது எங்கட பிள்ளையளுக்கெண்டு தொடங்கினது, பிள்ளை," என்கிறார் வகுப்பை நடத்தும் பெரியவர், பக்கத்தில் நிற்கும் இளம் ஆசிரியையிடம்.

ஆசிரியை சுவரைக் காட்டுகிறார். மற்ற நாட்களில் இங்கே படிக்கும் பிள்ளைகள் வரைந்து ஒட்டிய படங்கள். ஒன்றில், கழுத்துவரை பொத்தான் பூட்டிய பழங்காலச் சட்டையில் ஒரு கறுப்பினப் பெண்.

"அங்கிள், இவ அமெரிக்காவில இருந்து வந்தவ. அடிமையா இருந்து தப்பி வந்த ஆக்களின்ரை பிள்ளையளுக்கு இந்த நாட்டில பள்ளிக்கூடம் நடத்தினவ. வெள்ளைப் பிள்ளை வந்தாலும் சேர்ப்பன் எண்டு நிண்டவ. சொந்தச் சனத்துக்குள்ளயே சண்டை வந்தது. விட்டுக்குடுக்கேல்லை."

"நாங்களும் தப்பி வந்த ஆக்கள்தான். எங்களுக்கெண்டு ஒண்டு வேணும்தானே?"

"அவவுக்கும் இதைத்தான் சொல்லியிருப்பினம்."

பெரியவர் படத்தைப் பார்க்கிறார். பிறகு சிறுமியை. முகம் இன்னும் இளகவில்லை.

"சப்பாத்தோட நிக்கிறா," என்கிறார் எரிச்சலாக. "கழட்டிப்போட்டு வரச் சொல்லுங்கோ."

சிறுமி குனிகிறாள். குவியலின்மேல் ஊதா நிறத்தில் இன்னும் ஒரு சோடி ஏறுகிறது.